ஒரு பொட்டுப் புகை

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க! என் விரல் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு!" என்று டோரீன் அலறினாள்.

எல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் அடுப்பின் மேல் கட்டில் அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும் பின்தட்டைத் தூக்குவது இரண்டு ஆண்கள் செய்யும் வேலை. அதில் ஒருவர் எப்போதும் எல்வினின் அண்ணன் ஹார்லன்தான். ஆனால் இன்றைய வேலை ஹார்லனுக்குத் தெரியக்கூடாது. அதனால் காலைக் காப்பிகூடக் குடிக்காத மனைவியை எல்வின் கொட்டகைக்கு இழுத்து வந்திருந்தார்.

தட்டின் விளிம்புக்கும் அடுப்பின் சுவருக்கும் நடுவே, பின்னால் இடது மூலையில் ஒரு இடுக்கு இருந்தது. விரல் நுழையும். டோரீனின் விரல் நுழைந்தேவிட்டது. அடுப்பு எரியும்போது அந்த வழியாகப் புகை வெளியே வரும். சரியாக அந்த மூலையில்தான் ஹார்லன் தினமும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்.

"இதுல என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கு? அவர்கிட்டச் சொல்லிட்டே செய்ய வேண்டியதுதானே?" என்றாள் டோரீன், விரலை வாயில் வைத்துக்கொண்டே.

"சொன்னா, 'எனக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம்'னு சொல்லிடுவார். அப்புறம் ஒரு வாரம் பேச மாட்டார்."

"இப்ப மட்டும் பேசறாராக்கும்?"

அதுவும் நியாயம்தான். ஹார்லன் பேசுவது குறைவு. போன இலையுதிர்காலத்தில் மனைவி ரோவீனா இறந்த பிறகு அதிலும் பாதியாகிவிட்டது. அடக்கத்தன்று அவர் கண்ணில் ஒரு துளி இல்லை. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கை கொடுத்தார். உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொன்னார். வீட்டுக்குப் போய், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு விறகு பிளந்தார். ஊரில் சிலர் 'கல்லு' என்றார்கள். அண்ணன் தம்பி பிறந்த கிட்ரெட்ஜ் வீட்டு ஆண்களைத் தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இவர்களுடைய அப்பாவின் காலில் ஒரு முழு மரமே சாய்ந்தபோது, 'கொஞ்சம் கனமாத்தான் இருக்கு' என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வளர்ப்பு இது.

எல்வினுக்கு இப்போது கவலை வேறு. ஃப்ளோரிடாவில் இருக்கும் ஹார்லனின் மகள் செலியா வாரம் தவறாமல் போன் போட்டு, "அப்பா, இங்கயே வந்துடுங்க" என்கிறாள். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், அடுத்த வருஷமும் சாலைப் பொறுப்பை ஏற்பீர்களா என்று ஹார்லனைக் கேட்டதற்கு, "இந்தப் பருவம் முடியட்டும், பார்ப்போம்" என்றுவிட்டார். வெர்மான்ட்டில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் 'பார்ப்போம்' என்றால் பெட்டி கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

அண்ணன் இல்லாமல் எல்வின் ஒரு பருவம்கூடக் காய்ச்சியதில்லை. இந்த அறுபது வயதிலும் தனியாக அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்படிப்பட்ட அண்ணன், தினமும் சாயங்காலம் கண் ரெண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, தாரைதாரையாக நீர் வழிய, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். எல்வின் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, வாளியை இந்தப் பக்கம் போட்டுக்கோயேன்."

"இங்கயே இருக்கட்டும்."

"புகை அடிக்குதே!"

"அடிக்கட்டும்."

இதற்கு மேல் என்ன பேச? ஒரு தடவை எல்வினே வாளியை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டார். ஹார்லன் வந்தார், வாளியைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போய்ப் பழைய மூலையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிடிவாதத்தில் கழுதை பிச்சை வாங்க வேண்டும்.

"இந்தப் புகைதான் டோரீன் அவரை ஊரை விட்டு விரட்டப் போகுது. ஃப்ளோரிடால புகையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கண்ணு எரிஞ்சுக்கிட்டே எந்த மனுஷன் இங்க இருப்பான்?"

"மூணு தலைமுறையா இந்தப் புகையிலதான் காய்ச்சறீங்க."

"இப்ப வயசாச்சுல்ல. கண்ணு தாங்க மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே எல்வின், தீக்குக் கருகாத நார்க்கயிற்றை அந்த இடுக்கில் நீளமாகப் படுக்கவைத்தார். "இறக்கு."

தட்டு இறங்கியது. மூலை கச்சிதமாக அடைபட்டுவிட்டது.

மத்தியானம் வெயில் ஏறியதும் மரங்களிலிருந்து சாறு ஓடிவந்தது. அடுப்பு மூட்டினார்கள். ஹார்லன் வந்து தன் மூலையில் உட்கார்ந்தார். புகை இல்லை. எல்வினுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு காப்பி ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. கயிறு கொஞ்சம் தடிமன். அது பின்மூலையைத் தூக்கிவிட்டதால் தட்டு சாய்ந்துகொண்டது. சாறெல்லாம் முன்னால் ஓட, பின்பக்கம் விரல் கனத்துக்குத்தான் நின்றது. அது பாகாகி, நுரைத்து, கருகுகிற வாசனை வந்ததும் எல்வின் பாய்ந்து வாளிவாளியாகப் பச்சைச் சாற்றை ஊற்றினார். கொதி அடங்கிவிட்டது. போதாக்குறைக்கு, தட்டு சாய்ந்ததில் முன்பக்கம் ஒரு புது இடுக்கு திறந்து, அங்கே குபுகுபுவென்று புகை கிளம்பியது.

ஹார்லன் எழுந்தார். வாளியைக் கையில் எடுத்தார். ஐயோ, வீட்டுக்குத்தான் போகிறார் போல என்று எல்வின் பயந்துகொண்டிருக்கும்போதே, முன்பக்கம் வந்து, புகைக்கு நேர் எதிரே வாளியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, அங்க எதுக்கு?"

"தீயைப் பார்த்துக்கறேன்."

"தீ நல்லாத்தானே எரியுது?"

"அதைத்தான் பார்த்துக்கறேன்."

சாயங்காலம் அதே சிவந்த கண், அதே கைக்குட்டை.

"பாவி மனுஷன், புகை எங்க போகுதோ அங்கயே போய் உட்கார்ந்து தொலைக்கறாரே!" என்று எல்வின் வீட்டில் புலம்பினார். "தலையெழுத்துன்னா இதுதான்."

மறுநாள் காலையில் கயிற்றை உருவி, மெல்லிசுக் கயிறாகப் போட்டுத் தட்டைச் சமம் செய்தார். அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? வேலையோடு வேலையாக, விறகு போடும் கதவின் சட்டத்தைச் சுற்றியிருந்த வெடிப்புகளையும் அடைத்துவிடலாம் என்று, சூளைக்குப் பூசும் சிமெண்ட்டை ஒரு டப்பா முழுக்க அப்பிவிட்டார். கொஞ்சம் போதும் என்று டப்பா மேலேயே எழுதியிருந்தது. எங்கள் ஊரில் டப்பா மேல் எழுதியிருப்பதைப் படிப்பவன் வெளியூர்க்காரன்.

மத்தியானம் ஹார்லனும் டோரீனும் வந்ததும் தீ மூட்டினார்கள். அந்த முதல் சூட்டிலேயே சட்டத்திலிருந்து வழிந்த சிமெண்ட் கதவோடு கதவாக இறுகிவிட்டது. அடுத்த விறகு போடப் போனால் கதவு திறக்கவில்லை. இழுத்தார், உதைத்தார், கெட்ட வார்த்தை சொன்னார். உள்ளே தீ தணிகிறது. மேலே கொதி தணிகிறது. வெளியே தொட்டியில் சாறு நிரம்பி வழிகிறது. ஒரு நாள் வெயிலில் கிடந்தாலே அந்தச் சாறு புளித்துப்போகும்.

இந்த அழகான நேரத்தில் பக்கத்து வீட்டு மெர்ல் உள்ளே வந்தார். கூரையில் ஆவி தெரிந்தால் யாரும் கதவைத் தட்டாமல் கொட்டகைக்குள் வரலாம் என்பது வழக்கம். கொதிக்கும் சாற்றில் வெந்த சாசேஜ் கிடைக்கும் என்பது மெர்ல் தானே சேர்த்துக்கொண்ட வழக்கம்.

"என்ன எல்வின், அடுப்போட மல்லுக்கட்டறே?"

"கடப்பாரையை எடுத்துட்டு வா. வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காதே."

இரண்டு பேரும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். கதவு திறந்தது. திறந்த கையோடு கீலும் பிய்ந்து, கதவு மெர்லின் பூட்ஸுக்கு நாலு விரற்கடை தள்ளி விழுந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இடுக்கில் நூலாக வந்துகொண்டிருந்த புகை, இப்போது அடுப்பின் முழு வாயையும் திறந்துகொண்டு கொட்டகை நிறைய வந்தது. எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று டோரீன் இருமிக்கொண்டே கத்தினாள்.

"அண்ணே, வா!" என்றார் எல்வின்.

"நீங்க போங்க," என்றது ஹார்லனின் குரல், புகைக்கு உள்ளேயிருந்து. "தட்டை விட்டுட்டு எல்லாரும் போக முடியுமா? யாராவது ஒருத்தர் இருக்கணும்."

அது உண்மைதான். சூடாக இருக்கும் தட்டை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போகிறவன் பருவத்தையே தொலைப்பான். ஆனாலும் அண்ணனைப் புகையில் விட்டுவிட்டு எல்வின் அரைமனதோடுதான் கிளம்பினார். வெளியே சேற்றில் நின்று மூன்று பேரும் கண்ணைக் கசக்கினார்கள்.

"எங்க மாமியார் செத்தப்பகூட நான் இவ்வளவு அழுததில்ல," என்றார் மெர்ல்.

"நீ எங்க அழுதே? கேக் சாப்பிட்டுக்கிட்டு இருந்தே. நான் பார்த்தேனே," என்றாள் டோரீன்.

புகை குறைந்து இவர்கள் உள்ளே போக ரொம்ப நேரமாயிற்று. ஹார்லன் ஒரு தகரத்தை அடுப்பின் வாயில் சாத்தி, முட்டுக்கொடுத்து, தட்டைக் காப்பாற்றியிருந்தார். முகமெல்லாம் கரி. கண்ணிலிருந்து தாடை வரைக்கும் இரண்டு பக்கமும் கரி கழுவிப் போயிருந்தது. தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. இருமல் என்று எல்வின் நினைத்தார்.

ஆனால் மனுஷர் இரண்டு சாசேஜ் சாப்பிட்டார். ரோவீனா போன பிறகு அவர் ஆசையாகச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கிளம்பும்போது தம்பியின் தோளில் ஒரு தட்டு தட்டி, "இன்னைக்கு நல்ல நாள்டா" என்றார்.

அவர் வண்டி மறைந்ததும் எல்வின் மனைவியிடம் திரும்பினார். "கேட்டியா? எப்படிக் குத்திக் காட்டிட்டுப் போறார் பாரு. ரோஷம் உள்ளவன் நாண்டுக்கிட்டுச் சாகணும்."

"எனக்கு என்னமோ அவர் குத்திக்காட்டின மாதிரி தெரியல," என்றாள் டோரீன். எல்வின் கேட்கிற நிலையில் இல்லை.

மறுநாள் குளிர் திரும்பிவிட்டது. சாறு ஓடவில்லை. எல்வின் விடிந்ததும் பெர்னீஸின் கடைக்குப் போனார். எங்கள் ஊருக்கு ஒரே கடை அது. ரொட்டி, ஆணி, பால், வேட்டைத் தோட்டா எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். யார் என்ன வாங்கினார்கள் என்ற செய்தியும் கிடைக்கும், இலவசமாக.

"ஏப்பா எல்வின், பீங்கான் பஞ்சு இவ்வளவா? அடுப்புக்கு ஸ்வெட்டர் பின்னப் போறியா?"

"எல்லாத்தையும் போடு அக்கா. கயிறும் ஒரு சுருள் வேணும். கீல் ரெண்டு."

"மெர்ல் காலை ஒடிச்சிட்டியாமே?"

"ஒடியல. ஒடிஞ்சிருந்தா சாசேஜாவது மிஞ்சியிருக்கும்."

அன்று முழுக்க எல்வின் தனியாகப் பாடுபட்டார். தட்டின் நாலு பக்கமும் தீ தாங்கும் அந்தப் பீங்கான் பஞ்சை வைத்துக் கயிற்றால் இறுக்கினார். கதவைப் புதுக் கீலில் மாட்டினார். அதன் விளிம்பைச் சுற்றியும் கயிறு. புகைபோக்கி அடுப்போடு சேரும் இடம், சுவரில் செங்கற்களுக்கு நடுவே இருந்த வெடிப்பு, ஒன்றையும் விடவில்லை. இந்தத் தடவை டப்பா மேல் எழுதியிருந்ததைக்கூட யாரும் பார்க்காத நேரத்தில் படித்தார். கடைசியாக டோரீனைக் கூப்பிட்டு, கொட்டகையை இருட்டாக்கி, அடுப்புக்குள் ஒரு விளக்கை வைத்துக் கதவைச் சாத்தினார். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே புகையும் கசியும். இரண்டு பேரும் அடுப்பைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள்.

"ஊசி முனை அளவுகூட இல்லங்க," என்றாள் டோரீன்.

எல்வின் அந்த இருட்டில் நின்று, ஏதோ கோயில் கட்டி முடித்தவர் மாதிரி பெருமூச்சு விட்டார். "இனிமே அவர் கண்ணு கலங்காது," என்றார். சொல்லும்போது அவருடைய குரல்தான் கலங்கியது.

வெயில் திரும்பிய நாள், சாறு ஓடிய ஓட்டம்! தீ உறுமியது. பின்தட்டில் கொதி குதித்தது. முன்தட்டில் பாகு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேன் தோற்றுப்போகும், அப்படி ஒரு நிறத்தில் இறங்கியது. மேலே வெள்ளை ஆவி. கீழே ஒரு பொட்டுப் புகை கிடையாது.

ஹார்லன் வந்தார். வாளியைத் தன் மூலையில் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, வாளியை முன்பக்கம் கொண்டுவந்து போட்டார். அங்கேயும் சரிப்படவில்லை. கதவோரம் போட்டார். பிறகு புகைபோக்கிப் பக்கம். படுக்க இடம் தேடும் நாய் மாதிரி அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பழைய மூலைக்கே வந்தார்.

"புகை எங்கடா?"

எல்வின் இதற்காகத்தானே காத்திருந்தார்! "போச்சு அண்ணே! சுத்தமாப் போச்சு! ஒரு இடுக்கு விடல. விளக்கு வச்சுப் பார்த்துட்டேன்."

"ம்."

"உன் கண்ணுக்காகத்தான் அண்ணே."

ஹார்லன் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். என்னமோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. மடித்த கைக்குட்டையை முழங்கால் மேல் வைத்து நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். கண் இரண்டும் காய்ந்த மரக்கட்டை மாதிரி இருந்தன.

"நல்ல வேலைடா," என்றார் கடைசியில். "ரொம்ப நல்லா அடைச்சிருக்கே." பிறகு எழுந்தார். "வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு."

"இப்பத்தானே வந்தே? சாறு இன்னும் எவ்வளவு இருக்கு!"

"உனக்கு இனிமே ஆள் தேவைப்படாது. அடுப்பு தானா எரியுது."

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எல்வின் ஒற்றை ஆளாக விறகு போட்டு, நுரை பொங்காமல் இருக்க வெண்ணெய் போட்டு, பாகு இறக்கி, இடுப்பு ஒடிந்து போனார். அருமையான பாகு. பார்த்துச் சந்தோஷப்பட ஆளில்லை. மெர்ல்கூட, அண்ணன் இல்லாத கொட்டகையில் எல்வினின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு சாசேஜ் இறங்கவில்லை என்று சீக்கிரமே போய்விட்டார்.

பொறுக்க முடியாமல் எல்வின் காலையில் அண்ணன் வீட்டுக்கே போனார். ஹார்லன் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசை மேல் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ரோவீனாவின் மூக்குக்கண்ணாடி வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஏன் அண்ணே வரல? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லடா."

"அப்புறம்? சாய்ஞ்ச தட்டைச் சரி பண்ணிட்டேன். கதவு சரியாயிடுச்சு. புகையே இல்ல. இன்னும் என்ன வேணும்னு சொல்லு, செய்யறேன்."

ஹார்லன் வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். செஞ்ச வரைக்கும் போதும்." பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "செலியா டிக்கெட் எடுத்துத் தரேன்னு சொல்றா. பார்ப்போம்," என்றார்.

அந்தப் 'பார்ப்போம்' எல்வினின் காதில் அறைந்த மாதிரி விழுந்தது. வண்டியில் வந்து உட்கார்ந்தவருக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அண்ணன் காலைப் பிடித்துக் கெஞ்சலாம் என்று தோன்றியது. கிட்ரெட்ஜ் வீட்டு ஆண்கள் அதெல்லாம் செய்து பழக்கமில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள், மிச்சமிருந்த கயிற்றுச் சுருளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனார். வீட்டில் அது கண்ணில் பட்டாலே ஆத்திரமாக வந்தது.

"என்னப்பா, முகம் செத்துப் போயிருக்கு?" என்றாள் பெர்னீஸ். "அடுப்பு சரியாகலயா?"

"அடுப்பெல்லாம் பிரமாதமா இருக்கு அக்கா. அண்ணன்தான் போறாராம்." சுருளை மேசை மேல் வைத்தார். "கண்ணுல ஒரு துளித் தண்ணி வராதபடி பார்த்துப் பார்த்து அடைச்சேன். அப்படிச் செஞ்சும் இங்க இருக்க மாட்டேங்கறார். அவருக்கு என்னதான் வேணும்னு எனக்குப் புரியல."

பெர்னீஸ் சுருளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கும்தான் அந்த மனுஷனைப் புரியல. ரோவீனா போனதிலேர்ந்து டப்பா பீன்ஸைத் தவிர வேற எதையும் தொடாதவர், இன்னைக்குக் காலையில வந்து ஒரு மூட்டை வெங்காயம் வேணும்னார். 'என்ன ஹார்லன், சமைக்கக் கத்துக்கறியா?'ன்னு கேட்டேன். 'சமைக்க இல்ல பெர்னீஸ், சும்மா உட்கார்ந்து நறுக்கத்தான்'னு சொல்லிட்டு, மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாருப்பா."